பூட்டிக் கிடந்த கடையைத் திருத்துமுன்: விசாரிப்பதா, அறிக்கை எடுப்பதா, பரிசோதிப்பதா?

பழைய கட்டிடத்தில் முன்பு நடந்த தொழில்கள் விட்டுப்போன நஞ்சு இருக்கிறதா என்று, திருத்துமுன் எப்படி அறிவது? கடந்த சில மாதங்களில் ஏறக்குறைய இந்த ஒரே கேள்வியோடு மூன்று இடங்களில் இருந்து என்னைக் கேட்டார்கள். ஒருவர் ரொறன்ரோவில் இருக்கிறார். யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதிப் பக்கம் அவருடைய அம்மப்பா நடத்திய கடை, போரால் வந்த 1995 இடப்பெயர்வோடு பூட்டியது. அதைத் திருத்தி, மேலே மூன்று அறை போட்டு விருந்தினர் விடுதியாக்க ஆசை. அடுத்தது கொக்குவிலில் ஒரு தம்பதி. காங்கேசன்துறை வீதியில் பழைய கராஜ் ஒன்றை ஐந்து வருடக் குத்தகைக்கு எடுத்து முன்பள்ளி நடத்தப் பார்க்கிறார்கள். மூன்றாமவர் சுன்னாகத்துக்காரர். விவசாய மருந்துக்கடையும் களஞ்சியமுமாக இருந்த கட்டிடத்தை வாங்கி உணவகம் போட இருக்கிறார்.

மூவரும் ஏற்கெனவே ஆலோசனை கேட்டுக் களைத்துப் போனவர்கள். மேசன் "கழுவிப் பெயின்ற் அடிச்சால் முடிஞ்சுது" என்கிறார். கொழும்பில் உள்ள ஆலோசனை நிறுவனம், இடத்தின் பழைய சரித்திரத்தை ஆராய்ந்து எழுதும் "பேஸ் வன்" (முதற்கட்ட) அறிக்கை இல்லாமல் கைவைக்க வேண்டாம் என்கிறது. அவுஸ்திரேலியாவில் இருக்கும் மருமகன் மண்ணையும் தண்ணீரையும் ஆய்வுகூடத்துக்கு அனுப்பச் சொல்கிறார். மூன்றும் நல்ல ஆலோசனைதான், ஆனால் ஒரே கட்டிடத்துக்கு அல்ல.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதலில் பார்க்க வேண்டியது, எதைக் கிளறப் போகிறீர்கள் என்பது. சுவருக்குப் பெயின்ற் அடிப்பது ஒரு வேலை. கூரையை இறக்கி, நிலத்தை உடைத்து, மலசலகூடத்துக்குக் குழி வெட்டுவது வேறு வேலை. பழைய கட்டிடத்தில் இருக்கும் நஞ்சில் பெரும்பங்கு, நாம் தொடும்வரை தன்பாட்டில் கிடக்கும்.

அடுத்தது தண்ணீர். வருடம் முழுக்க ஓடும் ஆறு நமக்கு இல்லை. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தேங்கி, உவர்நீருக்கு மேல் மிதக்கும் மழைநீரைத்தான் எல்லோரும் அள்ளுகிறோம். இந்தக் கல் மணலைப்போல வடிகட்டாது. உங்கள் வளவில் ஊற்றியது அயல்வீட்டுக் கிணற்றில் தலைகாட்டலாம், அங்கே ஊற்றியது உங்களிடமும் வரலாம். சுன்னாகம் மின்நிலையத்து எண்ணெய் கிணறுகளில் கலந்த விவகாரத்துக்குப் பிறகு இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்த வழக்கில் 2019-இல் உயர் நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையின்படி 2 கோடி ரூபாய் நட்டஈடு கட்டச் சொன்னது. பழைய தாங்கியை உடைத்து எண்ணெயை நிலத்துக்குள் விட்டால் "நான் வைத்த தாங்கி இல்லையே" என்று சொல்லித் தப்புவது கடினம்.

பிறகு, உள்ளே யார் புழங்கப் போகிறார்கள்? நிலத்தில் உருண்டு கைவிரலை வாயில் வைக்கும் நான்கு வயதுப் பிள்ளைக்கு ஈயத்தூசு செய்வதை, இரும்புக்கடைக்கு வந்துபோகும் ஆளுக்குச் செய்யாது.

அறிக்கை யாருடைய கைக்குப் போகிறது என்பதும் முக்கியம். வங்கிக்கா, வெளிநாட்டுப் பங்காளிக்கா, உங்கள் மனநிம்மதிக்கா? கடைசியாகத்தான் பணமும் நாளும். அதிலும் முதலில் சொல்லும் தொகையை விட, பின்னால் வரும் செலவைத்தான் பார்க்க வேண்டும்.

## தெரிவுக்குள் வராத ஒன்று

கட்டிடம் உயர் பாதுகாப்பு வலயமாக இருந்து விடுபட்ட காணியில் இருந்தால், அல்லது படைமுகாமாகவோ காவலரணாகவோ பாவிக்கப்பட்டிருந்தால், கீழே எழுதியிருக்கும் எதுவும் முதல் வேலை அல்ல. அந்த இடம் வெடிபொருள் அகற்றிய இடம்தானா என்று கிராம சேவையாளர், பிரதேச செயலகம் ஊடாக உறுதிப்படுத்துங்கள். தூர்ந்த கிணற்றை இறைக்க ஆளை இறக்காதீர்கள். கைவிட்ட கிணறுகளுக்குள் என்னென்ன போடப்பட்டன என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

## தெரிவு 1: கேட்காமல் தொடங்குவது

இதைக் கேலி செய்ய மாட்டேன். புடவைக்கடையாகவோ புத்தகக்கடையாகவோ மட்டுமே இருந்த, ஓட்டுக்கூரைக் கட்டிடம் ஒன்றில் நிலத்தை உடைக்காமல் மின்னிணைப்பை மாற்றிப் பெயின்ற் அடிப்பதென்றால் இதுவே போதும். அதற்குப் போய் ஆய்வு, அறிக்கை என்று காசைக் கரைக்கத் தேவையில்லை.

ஆனாலும் இரண்டு பொருள்களை, சரித்திரம் என்னவாக இருந்தாலும், இருப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய நெளிச்சீற், பழைய தட்டைச் சீலிங் சீற் எல்லாம் அஸ்பெஸ்ரஸ்தான். பரிசோதித்து உறுதிப்படுத்துவதை விட அப்படி நம்பிக்கொண்டு வேலை செய்வது மலிவு. முழுச் சீற்றை நனைத்து, உடைக்காமல் இறக்கி, பொலித்தீனில் சுற்றினால் ஆபத்து பெருமளவு குறையும். பாசியைக் கழுவுகிறோம் என்று அதன்மேல் உயர் அழுத்தத் தண்ணீர் அடிப்பதுதான் மிக மோசமான வேலை, அதுதான் இங்கே வழமையும். அஸ்பெஸ்ரஸ் நார் மூச்சோடு உள்ளே போகாமல் தடுக்கச் சத்திரசிகிச்சை முகக்கவசம் காணாது. நோய் தெரியவர இருபது, முப்பது வருடம் ஆகும் என்பதால் வேலையாட்களும் சிரித்துவிட்டுப் போகிறார்கள்.

மற்றது பழைய எனாமல் பெயின்ற். இலங்கையில் பெயின்றில் ஈயத்துக்கு எல்லை வைத்தது 2013-இல் இருந்துதான். அதற்கு முன் அடித்த கதவு, சன்னலைக் காய்ந்தபடி உரஞ்சாமல் நனைத்துச் சுரண்டுங்கள். பழைய இரும்புக் கேற்றை காஸ் வைத்து வெட்டுமுன் வெட்டுகிற இடத்துப் பெயின்றை நீக்குங்கள். அடியில் செவ்வீயப் பூச்சு இருந்தால் ஈயம் புகையாகவே வரும்.

இந்தத் தெரிவின் செலவு எப்படி வரும் என்பதற்கு நானே உதாரணம். நகரத்துக்கு வெளியே ஒரு கடையில், பின்பக்கச் சீமெந்து நிலத்தை உடைக்கச் சொன்னேன். யாரிடமும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் அலவாங்கு எதையோ குத்தி உள்ளே இறங்கியது. புதைத்து வைத்திருந்த மண்ணெண்ணெய்ப் பரல், பாதிக்கு மேல் எண்ணெய் இருந்தது. ஒரு வாரத்தில் அயல்வீட்டு அம்மா "தம்பி, தண்ணி மணக்குது" என்று வந்து நின்றார். வேலை நின்றது. அந்த வீட்டுக்கு அடுத்த மாரி வரை பவுசரில் தண்ணீர் கொடுத்தோம். முன்வீட்டு ஐயாவைக் கேட்டிருந்தால் ஒரு தேநீரோடு முடிந்திருக்கும். பரல் அங்கே இருப்பது அவருக்குத் தெரியும்.

## தெரிவு 2: நாமே விசாரிப்பது

என்னைக் கேட்டால் யாழ்ப்பாணத்தில் ஆகப் பெறுமதியான வேலை இதுதான். காரணம் எளிது: காகிதத்தில் இல்லாதது ஆட்களிடம் இருக்கிறது. கோட்டைப் பக்கம் இருந்த பழைய நகர மண்டபம் போரில் அழிந்தது. பழைய கச்சேரி இன்றும் இடிபாடாக நிற்கிறது. சோலைவரிப் பதிவையும் வியாபார அனுமதிப்பத்திரத்தையும் மாநகர சபையில் கேட்டுப் பார்க்க வேண்டும்தான், ஆனால் பழைய காலத்துக்குத் தொடர்ச்சியாகக் கிடைக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள். காணிப் பதிவகமும் காணி உறுதியும் உரிமை கைமாறியதைக் காட்டும். வாடகைக்கு இருந்தவர் பின்னறையில் என்ன செய்தார் என்பது உறுதியில் வராது.

பலர் நினைக்காத இடம் ஒன்று உண்டு: விளம்பரங்கள். பழைய பத்திரிகைகளிலும் கோயில் மலர்களிலும் பாடசாலை மலர்களிலும் கடைசிப் பக்கங்கள் முழுக்க யாழ்ப்பாணக் கடைகள்தான், வீதி இலக்கத்தோடு. "நூலகம்" என்ற மின்னூலக இணையத்தளத்தில் இவற்றில் ஏராளம் இருக்கின்றன. காசு கொடுக்கத் தேவையில்லை. ஒரு மாலைப்பொழுது போதும், அப்புறம் பழைய விளம்பரங்களை வாசிக்கத் தொடங்கி இரவாகிவிட்டால் நான் பொறுப்பில்லை.

ஆட்களிடம் கேட்கும்போது "இங்கே என்ன கடை இருந்தது?" என்று மட்டும் கேட்டால் முன்பக்கக் கடையின் பெயர்தான் வரும். காலம் காலமாகப் பிரித்துக் கேளுங்கள்: 1990-க்கு முன், 1990-க்கும் 95-க்கும் இடையில், அதற்குப் பிறகு. நடுவில் உள்ள ஐந்து வருடம்தான் கவனம். மின்சாரமும் இல்லை, பெற்றோலும் வராது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்ட காலம். எரிபொருள் வைத்திருந்தவர்கள் அதைப் பத்திரப்படுத்தினார்கள், சிலர் புதைத்தார்கள். வெறும் பலசரக்குக் கடையின் பின்னறையில் ஜெனரேற்றர் வைத்துப் பற்றறி சார்ஜ் பண்ணிக் கொடுத்திருப்பார்கள். உடைந்த பற்றறியின் அமிலத்தைச் சுண்ணாம்புக்கல் தின்றுவிடும், ஈயம் மட்டும் அந்த இடத்திலேயே இருக்கும்.

மற்றத் தொழில்களும் தங்கள் அடையாளத்தை விட்டுப்போகும். பழைய அச்சகம் என்றால் ஈய எழுத்துகளின் தூசு நிலத்து வெடிப்புகளில் இருக்கும். கன்னாதிட்டி, கஸ்தூரியார் வீதிப் பக்கத்து நகைப்பட்டறை என்றால் அமிலமும் செம்பும், நகை ஒட்டும் பொடியில் இருந்து வந்த கட்மியம் என்ற நச்சு உலோகமும். (பட்டறைத் தூசியைக் காசு கொடுத்து வாங்கிப் பொன் அரிக்கிறவர்கள் இருந்ததால் மேல்தூசி அநேகமாகப் போயிருக்கும்!) கராஜ் என்றால் கழிவெண்ணெயோடு ஈயமும் சேரும். ஈயம் கலந்த பெற்றோல் இங்கே 2002 வரை விற்றது. விவசாய மருந்துக்கடை 1995-இல் பூட்டியதென்றால், பிறகு தடைசெய்த மருந்துகள் போத்தலோடு உள்ளே இருக்கக்கூடும். எண்டோசல்பானைத் தடைசெய்தது 1998-இல்.

பிறகு பகல் வெளிச்சத்தில் கட்டிடத்தைச் சுற்றி நடவுங்கள். நிலத்தில் வேறு நிறச் சீமெந்தால் மூடிய சதுரம், சுவரோடு மேலே ஏறித் திறந்தபடி நிற்கும் இரும்புக்குழாய், போல்ற் நீட்டிக்கொண்டிருக்கும் கொங்கிறீற் மேடை: முதலாவது குழி, இரண்டாவது நிலத்தடித் தாங்கியின் காற்றுக்குழாய், மூன்றாவது ஜெனரேற்றரோ மில்லோ நின்ற இடமாக இருக்கலாம். கிணற்றின் மூடியைத் திறந்து மேலே நின்றபடியே மணந்து பாருங்கள். காற்று இருக்கிறதா என்று பார்க்க விளக்கை இறக்கும் பழைய வழக்கத்தைக் கராஜ் கிணற்றில் செய்துவிடாதீர்கள். பெற்றோல் ஆவி இருந்தால் பற்றிக்கொள்ளும்.

இதன் குறையையும் சொல்ல வேண்டும். விற்க நினைப்பவர் வாய் திறக்க மாட்டார். அயலவருக்கு எல்லைத் தகராறு இருந்தால் இல்லாததையும் சொல்வார். இடம்பெயர்ந்து திரும்பி வராதவர்களின் நினைவு கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறது. நேர வித்தியாசம் பார்த்துத் தொலைபேசி எடுக்க வேண்டும். இவ்வளவும் முடிந்த பின்னும் இது ஒரு கொப்பிக் குறிப்புத்தான், வங்கிக்குக் காட்ட முடியாது.

## தெரிவு 3: "பேஸ் வன்" அறிக்கை

இந்தப் பெயர் அமெரிக்காவில் இருந்து வந்தது. மாசடைந்த காணியை வாங்கியவரும் துப்புரவுச் செலவுக்குப் பொறுப்பு என்று 1980-இல் அங்கே சட்டம் வந்தது. வாங்குமுன் முறையாக விசாரித்தேன் என்று காட்டினால் பாதுகாப்பு உண்டு. அந்தக் காட்டுதலுக்கான நடைமுறைதான் இது. இப்போது அங்கே புழக்கத்தில் உள்ள, ஏஎஸ்டிஎம் என்ற நியம அமைப்பின் நியமம் 2021-இல் வந்த பதிப்பு. ஆவணம் தேடுவார்கள், இடத்தைப் பார்ப்பார்கள், ஆட்களை நேர்காணல் செய்வார்கள், சந்தேகங்களை எழுதித் தருவார்கள். மாதிரி எதுவும் எடுக்க மாட்டார்கள்.

பலர் ஏமாறுவது இங்கேதான். அந்த நியமத்தின் எல்லைக்குள் அஸ்பெஸ்ரஸும் ஈயப் பெயின்றும் வராது. தனியாகக் கேட்டு, தனியாகக் காசு கொடுத்தால்தான் சேர்ப்பார்கள். வாங்குபவரைப் பாதுகாக்கச் செய்த கருவி அது, திருத்துபவருக்காகச் செய்ததல்ல. கூரையை இறக்கப் போகிற ஒருவர் தடித்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, முதல் நாள் தலையில் விழப்போகிற பொருளைப் பற்றி ஒரு வரியும் இல்லாமல் நிற்கக்கூடும்.

மறைந்த செலவுகள்: கொழும்பில் இருந்து ஏறக்குறைய 400 கிலோமீற்றர் வந்து தங்கும் செலவு உங்கள் கணக்கில். தமிழ் தெரியாத ஆலோசகர் வந்தால் நேர்காணல் பகுதி வெறுமையாகத்தான் வரும், நமக்கு வேண்டியதோ அதுதான். நியமப்படி முக்கிய பகுதிகள் 180 நாளில் பழசாகிவிடும். காணி வழக்கு இழுபட்டால் திரும்பச் செய்ய வேண்டும்.

ஆனாலும் சில பேருக்கு இது இல்லாமல் சரிவராது. வெளிநாட்டு முதலீட்டாளர், பெரிய வங்கிக் கடன், வெளிநாட்டு நிறுவனத்துக்கு நீண்டகால வாடகை என்று வந்தால் கையொப்பமிட்ட அறிக்கைதான் செல்லுபடியாகும். அப்படியென்றால் இரண்டாம் தெரிவில் நீங்கள் சேர்த்த குறிப்பை அவர்கள் கையில் கொடுங்கள். அஸ்பெஸ்ரஸையும் பெயின்றையும் சேர்க்கும்படி ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

## தெரிவு 4: மாதிரி எடுத்துப் பரிசோதிப்பது

எண்ணிக்கையில் பதில் தருவது இது ஒன்றுதான். ஆனால் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும். "தண்ணீரைச் சோதித்தோம், நல்லது" என்று ஒருவர் காட்டிய அறிக்கையில் உவர்ப்பும் நைத்திரேற்றும் கிருமியும் மட்டும் பார்த்திருந்தார்கள். கட்டிடமோ எரிபொருள் விற்ற இடம்.

எண்ணெய்க்குப் பார்க்கச் சொன்னாலும் ஒரு பொறி இருக்கிறது. வழமையான "எண்ணெய், கிறீஸ்" பரிசோதனையில் கரைப்பானை ஆவியாக்கி மிச்சத்தை நிறுப்பார்கள். அந்தச் சூட்டில் பெற்றோல் பெரும்பாலும் போய்விடும், மண்ணெண்ணெயிலும் டீசலிலும் ஒரு பங்கு போகும். கழிவெண்ணெய்க்கு அது சரி. பெற்றோல் சந்தேகம் என்றால் பென்சீன், தொலுயீன் வகையைத் தனியாகக் கேளுங்கள். குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை லீற்றருக்கு 0.01 மில்லிகிராம். அதை மூக்கால் பிடிக்க முடியாது.

அந்த மாதிரியைச் சோடாப் போத்தலில் கொண்டுபோகவும் முடியாது. காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்பிய சிறு கண்ணாடிக் குப்பி, ஐஸ் பெட்டி, பரிசோதிக்க அவகாசம் அமிலம் சேர்த்தால் 14 நாள், சேர்க்காவிட்டால் 7 நாள். இரவு பஸ்ஸில் ஐஸ் உருகாமல் கொழும்புக்குக் கொண்டுசெல்லும் ஆளின் கூலியும் செலவுதான். ஆய்வுகூடத்தோடு முதலே பேசி அவர்களின் குப்பியை வாங்கிவிடுங்கள்.

எண்ணெய் தண்ணீரில் மிதக்கும். அடியில் இருந்து வாளியில் அள்ளினால் அகப்படாது, மேற்பரப்பில் எடுக்க வேண்டும். கோடையின் கடைசியில் ஒன்று, மாரி மழை ஊறிய பின் ஒன்று என இரண்டு தடவை எடுப்பது நல்லது. மண்ணில் ஒட்டியிருப்பதை ஏறிவரும் தண்ணீர் கழுவிக்கொண்டு வரும்.

| தெரிவு | எதற்குப் பொருந்தும் | எதைத் தவறவிடும் |
|---|---|---|
| கேட்காமல் தொடங்குவது | மேல்பூச்சு வேலை, சந்தேகமற்ற கடை | நிலத்துக்குக் கீழே உள்ள எல்லாம் |
| நாமே விசாரிப்பது | ஏறக்குறைய எல்லாக் கட்டிடமும் | அளவு, அயல்வளவின் இரகசியம் |
| பேஸ் வன் | வங்கி, பங்காளி, பெரிய கொள்வனவு | அஸ்பெஸ்ரஸ், பெயின்ற், பேசாத ஆட்களின் நினைவு |
| பரிசோதனை | நிலம் உடைத்தல், கிணறு, பிள்ளைகள் | நீங்கள் கேட்காத பொருள் |

## அந்த மூவருக்கும் சொன்னது

சுன்னாகத்துக்காரருக்கு நீண்ட பதில் தேவைப்படவில்லை. களஞ்சியத்தில் பழைய போத்தல்கள் இருந்தால் கழுவவோ எரிக்கவோ புதைக்கவோ வேண்டாம், பூட்டிவிட்டு விவசாயத் திணைக்களத்தில் கேளுங்கள் என்றேன். நிலத்து மண்ணையும் கிணற்றையும் பார்க்காமல் அங்கே சமையலறை வேண்டாம். அவர் இன்னும் முற்பணம் கொடுக்கவில்லை என்பது நல்ல காலம். பரிசோதனை முடிவைப் பொறுத்துத்தான் மீதி என்று உடன்படிக்கையிலேயே நொத்தாரிசைக் கொண்டு எழுதுவிக்கலாம்.

முன்பள்ளித் தம்பதிக்கு வேறு கட்டிடம் பாருங்கள் என்றேன். கராஜ் மண்ணைச் சோதித்து, தோண்டி அகற்றி, மேலே கொங்கிறீற் போடலாம், முடியாத காரியமில்லை. ஆனால் ஐந்து வருடக் குத்தகைக்கு அந்தச் செலவைப் போட்டால் லாபம் கட்டிட உரிமையாளருக்குத்தான்.

ரொறன்ரோக்காரர் பேஸ் வன்னுக்குக் காசு அனுப்பும் நிலையில் இருந்தார். கடன் எடுக்கவில்லை, பங்காளியும் இல்லை. பிறகு எதற்கு? முதலில் அம்மாவிடம் கேளுங்கள், பின்னறையை யாருக்காவது வாடகைக்கு விட்டவையா என்று கேளுங்கள் என்றேன். மறுநாள் இரவே பதில் வந்தது: 1991-இல் இருந்து இரண்டு பெடியன்கள் அங்கே பற்றறி சார்ஜ் பண்ணினவையாம், அம்மப்பா வாடகையை மண்ணெண்ணெயாகவே வாங்கினவராம். வாங்கிய மண்ணெண்ணெயை எங்கே வைத்தார் என்பது அம்மாவுக்கு ஞாபகம் இல்லை. அதனால் பின்னறை மண்ணில் ஈயத்துக்கு நான்கு இடத்தில் மாதிரி, கிணற்றின் மேற்பரப்பில் மண்ணெண்ணெய்க்கு ஒரு மாதிரி, மாரி முடிந்ததும் இன்னொன்று. முன்பக்கத்தில் கூரை வேலையை இப்போதே தொடங்கலாம். பின்னறை நிலத்தில் மட்டும், முடிவு வரும்வரை, அலவாங்கு படக்கூடாது.